கண்ணாடி வெளுக்கும் இடம்

பெட்டிர் நிலையத்தில் ஏறினேன். ஓட்டுநர் இல்லாத ரயில். வீவக அடுக்குமாடி புளோக்குகளை உரசிக்கொண்டு போகும் இடம் வந்ததும் ஜன்னல் தானாக வெளுத்தது. அடுத்தவர் வீட்டுக்குள் கண் போகாமலிருக்க ஒரு ஏற்பாடு. 1999-இல் புக்கிட் பாஞ்சாங்குக்கு இந்த ரயில் வந்தபோது, இதைப் பார்க்கவே பிள்ளைகளோடு வட்டப்பாதையை இரண்டு முறை சுற்றியிருக்கிறேன். சில நொடிதான். மறுபடி மரம், வானம்.

*

நேற்று ஈரச்சந்தையில் கறிவேப்பிலை என்ற சொல் வரவில்லை. நாள் தவறாமல் தாளிக்கிற கை. விரலை நீட்டிக் காட்டினேன். கடைக்காரச் சீனப் பாட்டி ஒரு கொத்தை இலவசமாகவே பையில் போட்டார். லிஃப்டில் ஏறிய பிறகு சொல் வந்தது. யாரிடம் சொல்ல?

*

உடல் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்கு. சாப்பிடுகிற சக்தியோ இருபது பங்கு. அந்த மூளைக்குள் சர்க்கரையைச் சேர்ப்பதிலும், உயிரணுக்களின் மைட்டோகாண்ட்ரியா அதை எரித்துச் சக்தியாக்குவதிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. கருப்பையோடு முடிந்துபோகிற சமாச்சாரம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நியூயார்க்கில் லிசா மொஸ்கோனியின் குழு நடுவயதுப் பெண்களின் மூளையைப் படமெடுத்து 2021-இல் வெளியிட்டது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் சர்க்கரை எரிவது குறைகிறது. நின்ற பிறகு சில பகுதிகள் ஓரளவு தேறிக்கொள்கின்றன. இந்த 'ஓரளவு' எனக்குப் பிடித்திருக்கிறது. பொய் சொல்லாத சொல்.

ஹார்மோன் மாத்திரை போட்டால் தீர்ந்துவிடும் என்றும் இல்லை. 65 வயதைத் தாண்டி ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்த பெண்களிடம் முதுமை மறதி நோய் இரண்டு மடங்கானதை அமெரிக்க ஆய்வொன்று 2003-இல் கண்டது. எந்த வயதில் தொடங்குவது என்பதில்தான் இன்னும் வாக்குவாதம்.

*

மைட்டோகாண்ட்ரியா தாய்வழி வருவது. என் தலைக்குள் எரிவது அம்மா மூட்டிய அடுப்பு.

இந்த வயதில் அம்மா "மண்டை கனக்குது" என்று கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் திட்டினோம். என்ன கனம் என்று யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

*

தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமலிருந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதுவார். எனக்கு ஒன்பது ஆகிறது.