இறந்தவரின் பூட்டிய பெட்டி

முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்ததும் ஒரு தாயும் மகனும் பங்குமனைக்கு வந்தனர். குடும்பத் தலைவரின் கணினி வீட்டு மேசையில் இருக்கிறது. அதன் கடவுச்சொல்லை அறிந்தவர் அவர் ஒருவரே. காணி உறுதியின் பிரதி, காப்புறுதி விபரங்கள், பிள்ளைகளின் படங்கள் யாவும் அதனுள்ளே. கணினி திருத்தும் கடைக்காரர் அவற்றை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"சுவாமி, அவர் பூட்டி வைச்சதை நாங்கள் திறக்கலாமோ?" என்று தாய் கேட்டார்.

"அப்பாவின்ரை எல்லாம் இனி எங்களுக்குத்தானே அம்மா" என்றான் மகன்.

இக்கேள்வி இன்று பல வீடுகளில் எழக்கூடியது. ஆதலால் சற்று ஆராய்வோம்.

கடவுச்சொல் பெரும்பாலும் வாசற்கதவின் பூட்டு மாத்திரமே. உள்ளேயுள்ள வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியுடன் இணைத்தால், அதிலுள்ள கோப்புகளை வாசித்துவிடலாம். ஆனால் 'பிட்லொக்கர்' போன்ற ஏற்பாட்டினால் வன்தட்டே மறைகுறியாக்கப்பட்டிருந்தால், 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் வேண்டும். அது இன்றேல் கடைக்காரராலும் ஆவதொன்றில்லை. ஆகவே முதலில் அந்த எண் எழுதிய தாளைத் தேடுங்கள். கணினியை அழித்துப் புதிதாக்க எவரையும் விடாதீர்கள்.

எனினும், இயலுமா என்பது ஒரு கேள்வி. தகுமா என்பது வேறொரு கேள்வி.

ஒருவர் இறந்ததும் அவருடைய உடைமை உரித்தாளருக்குச் சேர்கிறது. உறுதியும் படங்களும் அத்தகையன. அவற்றை எடுப்பதிற் குற்றமில்லை. அவர் எவருக்கேனும் கடன்பட்டிருந்தால் அதைத் தேடி அறிந்து தீர்ப்பதும் நீதியின் கடமையே. ஆனால் நற்பெயர் காணியைப்போற் கைமாறும் பொருளன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் மனிதனின் உரிமைகளை எடுத்துரைத்தபோது, நற்பெயரையும் அந்தரங்கத்தின் பாதுகாப்பையும் அவற்றுள் வைத்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் 220ஆம் சட்டத்தில் இவ்விரண்டையும் காக்கின்றது. பேசமுடியாத ஒருவரின் பெயரைக் காக்க அவரது வீட்டாரை விட்டால் வேறு யார் உளர்?

இன்னுமொன்று. அம்மனிதர் ஊர்ச் சங்கமொன்றின் பொருளாளராய் இருந்தவர். தங்கள் கடனையும் குடும்பப் பிணக்கையும் பலர் அவருக்கு எழுதியிருந்தனர். நம்பி ஒப்படைக்கப்பட்ட இரகசியம் அதைக் காத்தவருக்கே சொந்தமன்று. அவ்வாறிருக்க, அது பிள்ளைக்கு முதுசமாவது எங்ஙனம்?

தொடக்க நூலின் 9ஆம் அதிகாரத்தில் நோவா மதுமயக்கத்தில் ஆடையின்றிக் கிடக்கிறார். காம் அதைக் கண்டு வெளியே போய்ச் சொன்னான். சேமும் யாப்பேத்தும் போர்வையை எடுத்து, பின்புறமாக நடந்து சென்று, முகத்தைத் திருப்பியபடியே தந்தையை மூடினர். அவர்களும் கூடாரத்தினுள் சென்றவர்களே, ஆயினும் பார்க்கவில்லை.

எனவே தேவையானவற்றை முன்கூட்டியே பட்டியலிடுங்கள். குடும்பத்தில் ஒருவர் கடைக்காரரின் அருகிலேயே இருந்து அவற்றை மட்டும் எடுப்பியுங்கள். கடையிற் பிரதி தங்கவிடாதீர்கள். மற்றவற்றைத் திறவாதீர்கள்.

மகன் சிறிது நேரம் மௌனமாயிருந்தான். "அப்ப கடிதங்கள், சுவாமி?" என்றான். தாய் முந்திக்கொண்டார்: "அது அப்பாவுக்கும் ஆண்டவருக்கும் தெரிஞ்சாக் காணும், தம்பி."

வாசகர்களே, இச்சுமையை நம் பிள்ளைகள்மேல் ஏற்றாதிருப்பது நமது கையிலுள்ளது. ஒருவரின் மறைவுக்குப்பின் அவரது கணக்கை யார் பொறுப்பேற்பது என்று முன்னரே குறித்துவைக்கும் வசதியைக் கூகிள் 2013இலும் அப்பிள் 2021இலும் ஏற்படுத்தின. அவையும் வேண்டாமெனில் ஒரு தாளும் உறையும் போதும். கடவுச்சொல்லையும், எதைத் திறக்கலாம், எதை வாசியாமல் அழிக்கவேண்டும் என்பதையும் எழுதி ஒட்டி, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுங்கள். மரண சாசனம் எழுதுபவர் இதையும் அதனோடு சேர்த்து எழுதுவது நன்று.