புகைக்கு விலை, பாவத்துக்குப் பரிகாரம்

பாவத்துக்கு விலைப்பட்டியல் போடலாமா என்று மும்பை மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த சாஸ்திரிகள் ஒருவரிடம் கேட்டேன். "முதலில் பச்சாத்தாபம், கடைசியில்தான் ஓய் தட்சிணை" என்றார். மனசு கலங்காமல் காசை மட்டும் நீட்டினால் அது வியாபாரம் என்பது அவர் கட்சி. கார்பனுக்கு விலை வைப்பதைப் பல நல்லவர்கள் வெறுப்பதும் இதனால்தான்.

கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். அந்தத் தூய்மை எனக்குக் கட்டுப்படியாகாது. செம்பூரில் எங்கள் வீட்டுத் துளசி மாடத்தில் காலையில் விரலை வைத்தால் கறுப்பாக ஒட்டும். புகையை விட்டவன் வருந்தினானா என்று அந்தத் தூள் சொல்வதில்லை. வருந்தாமலே குறைத்தாலும் என் மூச்சுக்குப் போதும்.

விலை வைத்தால் குறைகிறதா? பிரிட்டனில் 2012இல் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. 2013இல் கார்பனுக்கு அடிமட்ட விலை வைத்தார்கள். 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின் நிலையமும் மூடப்பட்டது. எரிவாயுவும் காற்றாலையும் மாற்றாகக் கைக்கெட்டியதும் ஒரு காரணம். ஆஸ்திரேலியா 2012இல் விலை வைத்து 2014இல் கைகழுவியது. பொறுமை இல்லாத இடத்தில் விலை நிற்பதில்லை.

இங்கே இந்தியாவில் 2010இல் தூய எரிசக்திக்கென்று நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் தீர்வை வந்தது. 2016இல் அது 400 ஆனது. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தப் பணம் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டப் போயிற்று. குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் முடிந்த காசை மளிகைக் கடனுக்கு அவிழ்த்த கதை. 2025 செப்டம்பரில் தீர்வையே எடுபட்டது. பதிலுக்கு நிலக்கரிக்கான ஜிஎஸ்டி 5இலிருந்து 18 சதவீதம் ஆயிற்று. எடைக்கு விழுந்த வரி இப்போது விலைக்கு விழுகிறது. ஆக, மலிவான மட்டக் கரிக்குத்தான் பாரம் குறைவு.

2023இல் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் அறிவித்தார்கள். இலக்கைத் தாண்டிக் குறைத்த ஆலைக்குச் சான்றிதழ். குறைக்காத ஆலை அதை விலைக்கு வாங்க வேண்டும். நமக்காக இன்னொருவரை உட்கார்த்தி ஜபம் பண்ணச் சொல்வதில்லையா? சாஸ்திரிகளின் வரும்படியில் பாதி அதுதான், கேட்டால் சிரிப்பார். ஆகாயத்துக்கு யார் குறைத்தால் என்ன? என்னை உறுத்துவது வேறு. ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு புகை என்பதுதான் இலக்கு. மொத்தப் புகைக்கு வரம்பு கிடையாது. டன்னுக்குச் சற்றுக் குறைத்து உற்பத்தியை இரட்டித்தால் சான்றிதழும் கிடைக்கலாம், புகையும் ஏறலாம்.

செம்பூரை ஒட்டிய மாகுல் பக்கம் போனால் சுத்திகரிப்பு ஆலைகளும் டிராம்பே அனல்மின் நிலையமும் கிட்டக் கிட்ட நிற்கும். கார்பன் வர்த்தகத் திட்டத்தின் பட்டியலில் பெட்ரோலிய சுத்திகரிப்பு உண்டு, அனல்மின் இல்லை. தான்சா குடிநீர்க் குழாயோரக் குடிசைகளை இடித்து ஜனங்களை மாகுலில்தான் குடியேற்றினார்கள். அந்தக் காற்றில் வாழ அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது.

திருடினவன் பொருளைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பிராயச்சித்தம் என்கிறார் சாஸ்திரிகள். அதில் மட்டும் நான் அவர் பக்கம். சான்றிதழ்ப் பணம் ஆலைக்கு ஆலை கைமாறும். மாகுல்காரர்களுக்கு அந்த லெட்ஜரில் பத்தியே இல்லை.