விலையில்லா மின்சாரத்தின் விலை

இளம்பிள்ளையின் விசைத்தறிகளுக்கு இரு மாதங்களுக்கொரு முறை கிடைத்த 750 அலகு விலையில்லா மின்சாரத்தை அரசு 2023இல் 1000 அலகாக உயர்த்தியது. வணிகத்தையும் எரிசக்தியின் நிலைத்த பயன்பாட்டையும் இணைத்துப் பல்கலைக்கழகத்தில் பயிலும் நெசவாளர் மகனுக்கு இங்கே அறச்சிக்கல் எழுகின்றது. விலையற்றது வீணாகும் என்கிறது வகுப்பறை. அது நின்றால் அடுப்பு அணையும் என்கிறது வீடு. இரண்டும் மெய்யே.

ஆயினும் மூன்றாமவர் ஒருவர் உண்டு. அருகிலுள்ள மேட்டூரில் 1440 மெகாவாட் அனல்மின் நிலையம் நிலக்கரியை எரிக்கிறது. அதன் சாம்பலருகே வாழ்பவரின் இழப்பு எந்தக் கணக்கேட்டில் ஏறுகிறது? (மின்வெட்டின்போது மட்டுமே நாம் மின்சாரத்தை நினைப்பவர்களாயிற்றே!)

கூலிக்கு நெய்பவரிடம் கூரைமேல் சூரியத் தகடு அமைக்க முதல் இல்லை. சேலையை விற்று ஆதாயம் காண்பவரே அச்செலவில் பெரும்பங்கை ஏற்பது நீதி என்பேன். அம்மாணவனின் முதல் திட்ட அறிக்கை அந்தப் பங்கீட்டைக் கணக்கிடட்டும்.