தேய்க்கப்பட்ட மூன்று எழுத்துகள்

கடந்த சில தசாப்தங்களாக ருமேனியாவிலிருந்து ஒருவகைக் கண்ணாடிப் பூச்சாடிகள் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் உடலில் ‘கல்லே’ என்ற பெயர் புடைப்பாக இருக்கும். அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே ‘டிப்’ என்ற சின்னஞ்சிறு சொல்லும் இருக்கும். ருமேனிய மொழியில் அதற்கு ‘வகை’ என்று பொருள். இது கல்லே செய்ததல்ல, அவருடைய பாணியில் செய்தது என்பதைச் செய்தவனே எழுதிக் கொடுத்துவிடுகின்றான். பட்டறையை விட்டு வெளியேறிக் கைமாறும் வழியில்தான் அந்த மூன்று இலத்தீன் எழுத்துகளையும் யாரோ உரசி அழித்துவிடுகின்றார்கள். எமில் கல்லே 1846இல் பிரான்சின் நான்சி நகரில் பிறந்து 1904இல் மறைந்தவர். மூன்று எழுத்துகள் போனதும் நேற்றுச் செய்த சாடிக்கு நூறு வயது கூடிவிடுகின்றது.

இந்த மோசடியில் என்னை யோசிக்க வைப்பது ஒரு விடயம்தான். இங்கே புதிதாக எந்தப் பொய்யும் எழுதப்படவில்லை. இருந்த உண்மையில் ஒரு துண்டு அகற்றப்பட்டிருக்கின்றது, அவ்வளவே. கண்ணாடி மாறவில்லை. அதன் மீதுள்ள பூவும் இலையும் மாறவில்லை. அப்படியென்றால் வாங்கியவன் எதனை இழந்தான்?

பணத்தை என்று சொல்லிவிடலாம். அது இலகுவான பதில். ஏல நிறுவனங்களின் பட்டியல்களைப் புரட்டுவது என் பழைய பழக்கம். வாங்கும் வசதி இல்லாதவனுக்கு அது செலவில்லாத பொழுதுபோக்கு. அந்தப் பட்டியல்களில் ‘இன்னாருடையது’ என்பதற்கும் ‘இன்னாருடையதாகக் கருதப்படுவது’ என்பதற்கும் ‘இன்னாரின் பாணியிலானது’ என்பதற்கும் இடையில் பெறுமதி மலையும் மடுவுமாக இருக்கும். பார்க்கும் கண் ஒன்றுதான். வாக்கியத்தின் வால் மாறும்போது விலை மாறுகின்றது.

இனங்காண்பவர்களின் வேலையோ மிகவும் பொறுமையானது. கல்லே பாணிச் சாடியில் வெவ்வேறு நிறக் கண்ணாடி அடுக்கடுக்காக இருக்கும். மேலே நிற்கவேண்டிய உருவத்தை அமிலம் தின்னாத பூச்சினால் மறைத்து, மீதியை ஐதரோபுளோரிக் அமிலத்தில் கரையவிடுவார்கள். பெயரும் அப்படித்தான் மேலெழுந்து நிற்கின்றது. ஆகவே புடைத்து நின்ற எழுத்தைப் பின்னர் சீவினால் அந்த இடத்தின் மேற்பரப்பு மட்டும் அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் இருக்கும். சாடியின் அடியையும் பார்ப்பார்கள். நூறு வருடம் மேசைகளில் நகர்ந்த அடியில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் ஒழுங்கின்றி ஓடும். அரத்தாளில் தேய்த்த அடியிலோ அவை ஒரே பக்கமாகச் சீராக நிற்கும். பொய் எப்போதுமே கொஞ்சம் அதிகமாக ஒழுங்காய் இருக்கின்றது போலும்.

தான் வைத்திருந்தது ருமேனியச் சாடி என்று தெரிந்த மறுநாளே சேகரிப்பாளன் அதை அலுமாரியிலிருந்து அகற்றிவிடுகின்றான். அவன் அழகை நேசிக்கவில்லை, பெயரைத்தான் நேசித்தான் என்று இதனைப் பரிகசிப்போர் உண்டு. எனக்கு அது முழு உண்மையாகத் தெரியவில்லை. ஒரு கவிதை பிடித்துப்போனால் அதை எழுதியவர் யார் என்று தேடுகின்றோம். விலை கேட்பதற்காக அல்ல. பாராட்டு ஒரு ஆளிடம் போய்ச்சேர விரும்புகின்றது. பெயரைப் பார்த்த பின்னரே கவிதையைப் பார்க்கும் பழக்கம் நமது இலக்கிய வட்டத்திலும் இருக்கின்றது, அது வேறு கதை.

பாராட்டை ஒரு கடனாக எடுத்துக்கொண்டால், மூன்று எழுத்துகளைத் தேய்த்தவன் ஏமாற்றியது வாங்கியவனை மட்டுமல்ல. ‘வகை’ என்று உண்மை எழுதிய அந்த ருமேனியத் தொழிலாளிக்கு விலையும் போகவில்லை, பாராட்டும் போகவில்லை. அவன் கொடுத்த சாட்சியத்தையே அழித்து அவனை இல்லாமலாக்கிவிட்டார்கள். வாங்கியவனுக்காவது நீதிமன்றம் இருக்கின்றது.

‘அசல் கல்லே’ என்று சொல்லப்படுவது மட்டும் கல்லேயின் கையா என்று ஒருவர் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1894இல் அவர் நான்சியில் தனக்கெனக் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கினார். ஊதியவர்கள் வேறு, செதுக்கியவர்கள் வேறு. அவர் இறந்த பின்னரும் மனைவியின் பொறுப்பில் உற்பத்தி தொடர்ந்தது. அக்காலத்துச் சாடிகள் சிலவற்றில் பெயரோடு ஒரு சிறிய நட்சத்திரம் காணப்படுகின்றது. என் பார்வையில் அந்த நட்சத்திரமும் ஒருவகை ‘டிப்’தான்: உரியவர் இப்போது இல்லை என்று பட்டறையே தந்த வாக்குமூலம். வாங்குபவன் அங்கே ஏமாற்றப்படவில்லை. ஆனால் ஊதியவனின் கணக்கு தீர்க்கப்படாமலே கிடக்கின்றது.

அமெரிக்காவில் 1962இல் ஹார்வி லிட்டில்டனும் டொமினிக் லபினோவும் டொலிடோ கலை நூதனசாலையில் சிறிய உலையொன்றை வைத்துப் பட்டறை நடத்தினார்கள். தொழிற்சாலை வேண்டாம், கலைஞன் தன் கையாலேயே ஊதலாம் என்பது அவர்களது எண்ணம். கையும் பெயரும் அங்கே ஒன்றாகும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த இயக்கத்தின் மிகப் புகழ்பெற்ற கலைஞரான டேல் சிஹூலியோ 1976இல் விபத்தொன்றில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். 1979இல் தோள்மூட்டு விலகியது. அதன் பிறகு ஊதுவது குழு, வழிநடத்துவது அவர். பெயர் அவருடையது. இதில் குற்றம் காண என்னால் முடியவில்லை, ஏனெனில் அது ஒளிக்கப்படவில்லை.

நமக்கு நெருக்கமான இன்னொரு கண்ணாடி மரபில் கையும் பெயரும் வேறுவிதமாக நின்றன. மம்லூக் காலத்துப் பள்ளிவாசல் விளக்குகள் பூச்சாடி வடிவிலானவை. அவற்றில் பலவற்றின் மீது சூரா அந்நூரின் ஒளி வசனம் எனாமலில் எழுதப்பட்டிருக்கும். கூடவே செய்வித்த சுல்தானின் அல்லது அமீரின் பெயர் இருக்கும். செய்தவனின் பெயர் மிக அரிது. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலையிலுள்ள, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அமீர் கவ்சூனின் விளக்கில் அலீ இப்னு முஹம்மத் என்ற கைவினைஞன் தன் பெயரையும் இட்டிருக்கின்றான். 19ஆம் நூற்றாண்டில் பாரிசில் பிலிப் ஜோசப் புரோகார் இந்த விளக்குகளைப் பார்த்துப் பார்த்து அந்த எனாமல் வித்தையை மீட்டெடுத்தார். தான் செய்தவை பலவற்றில் தன் பெயரையே எழுதினார். அவரிடமிருந்து கல்லேயும் கற்றுக்கொண்டார். பார்த்துச் செய்வது ஒருபோதும் திருட்டாக இருந்ததில்லை.

பொஹீமியாவின் லோட்ஸ் தொழிற்சாலை வானவில் மினுக்கம் கொண்ட சாடிகள் பலவற்றைக் கையெழுத்தின்றியே அனுப்பியது. பின்னாளில் சில வியாபாரிகள் அவற்றின் அடியில் அமெரிக்கரான டிஃபனியின் பெயரைக் கீறி விற்றார்கள். இன்று லோட்ஸ் சாடிகளைத் தேடி வாங்குபவர்கள் தனியாகவே இருக்கின்றார்கள். அந்தப் பொய்க் கையெழுத்தைக் கண்டதும், நல்ல சாடி, யாரோ அடியைக் கெடுத்துவிட்டான் என்று சொல்லி அவர்கள் விலையைக் குறைத்துக் கேட்கின்றார்கள்.