கோணமலையின் பிளவும் மூவகைக் காரணமும்

திருகோணமலையில் சுவாமிமலை எனப்படும் பாறைமுனை வங்காள விரிகுடாவுக்குள் நீண்டு செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றது. அதன் விளிம்பில், வாள் வீசிப் பிளந்தாற்போல் தோன்றும் ஒடுங்கிய வெடிப்பை மக்கள் இராவணன் வெட்டு என்று வழங்கி வருகின்றனர். தாயின் வழிபாட்டுக்காகக் கோணேசர் உறையும் மலையைப் பெயர்க்க முயன்ற இராவணனின் வாள் பட்ட தழும்பு அது என்கிறது தலக்கதை. நிலவியலாளரோ, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்னும் பெருநிலத்திணிவு ஒன்றுசேர்ந்த காலத்தில், நிலத்தின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் உற்று உருமாறிய பாறைகள் இவை என்றும், இத்தகைய பாறைகளில் இயல்பாக அமையும் வெடிப்புகளை மழையும் அலையும் அகலப்படுத்துகின்றன என்றும் விளக்குவர். இவ்விளக்கம் உண்மையாயின் அந்த இடத்தின் தெய்விகம் குறைந்துவிடுமா என்பது பலர் மனத்தில் எழும் வினா.

சைவ சித்தாந்தம் இவ்வினாவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. உலகு பொய்த்தோற்றம் அன்று, அது உள்பொருள் என்பதும், அது மாயை எனப்படும் சடப்பொருளினின்று தோன்றியது என்பதும் அதன் அடிப்படைக் கொள்கைகள். ஒரு குடம் உருவாவதற்கு மண் முதற்காரணமாகவும், தண்டசக்கரம் துணைக்காரணமாகவும், குயவன் நிமித்த காரணமாகவும் அமைதல் போல, உலகுக்கு மாயை முதற்காரணம், சிவசத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம் என்று சித்தாந்த நூல்கள் வகுக்கின்றன. பாறை எதனால் ஆயது, எவ்வாறு பிளந்தது என்று ஆராயும் நிலவியல் முதற்காரணத்தின் எல்லைக்குள் நின்று பேசுகின்றது. யாருடைய திருவருளால் என்னும் வினாவை அது எழுப்புவதும் இல்லை, மறுப்பதும் இல்லை. ஆகவே தலக்கதையைப் பாறையியலாக நிறுவ முயல்வதும், பாறையியலைக் கொண்டு வழிபாட்டை மறுப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். கதை உணர்த்துவது வேறு: மலையைப் பெயர்க்கலாம் எனக் கருதிய வலிமை அடங்கிய பின்னரே அருள் வாய்த்தது என்பது அது. சம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் இராவணன் கயிலையை எடுத்து விரலால் நெரிபட்டதையும் பின் அருள்பெற்றதையும் பாடுவது மரபு. கோணமாமலைப் பதிகமும் அம்மரபில் நிற்பதே.

கோணேசர் கோயிற் கட்டடத்துக்கு நேர்ந்த கதியும் இங்கு எண்ணத்தக்கது. 1624 இல், சித்திரைப் புத்தாண்டு நாளன்று, போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினான். இன்றைய பிரெட்ரிக் கோட்டை வாயிலில், இரட்டைக் கயல் பொறிப்பும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் வழிபோவோர் கண்ணில் படும் உயரத்திலேயே உள்ளன. அடியார்கள் கோயில் இல்லாத வெறும் பாறை விளிம்பில் நின்று, மாலையில் தீபம் காட்டி, பூவும் பழமும் கடலில் இட்டு வழிபட்டதை 1859 இல் வெளியான தமது நூலில் எமர்சன் தெனன்ற் பதிவுசெய்துள்ளார். சுவரும் விமானமும் இல்லாதபோதும் தலம் தலமாகவே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றில் தலம் என்பது இறைவன் விளங்கித் தோன்றும் நிலம். அது மனிதர் ஆக்கியது அன்று. 1950 இல் நிலத்தைத் தோண்டியபோது வெளிப்பட்ட செப்புத் திருமேனிகள், 1963 இல் குடமுழுக்குக் கண்ட புதிய கோயிலில் சேர்ந்தன.

இன்று கொழும்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் வருவோரிற் பலர் படம் எடுப்பதற்கே வெட்டருகே நிற்கின்றனர். பக்கத்து மரக்கிளைகளிலோ குழந்தைவரம் வேண்டியோர் கட்டிய சிறு மரத்தொட்டில்கள் அசைகின்றன. அழகை வியத்தல் குற்றம் அன்று. பாவநாசத் தீர்த்தம் உள்ள இத்தலத்தில் அந்த வியப்பு வணக்கமாக முதிர்வதே முறை. அங்கு செல்வோர் பிளவைக் கண்டு திரும்பிவிடாமல், கோணேசர் சந்நிதியில் சம்பந்தர் பதிகத்தை முழுதும் ஓதிவர வேண்டும்.