விலைக்கு வாங்கியது கடையையா, மனிதரையா?



பிறநாட்டில் ஒரு சிறிய மதுச்சாலையை விலைக்கு வாங்கி நடத்துவது கத்தோலிக்கனுக்குத் தகுமா? இக்கேள்வி நம் குடும்பங்களுக்குப் புறம்பானதன்று. 1980களிலிருந்து பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்த நம் பிள்ளைகள் பலர் உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவித் தம் வாழ்வைத் தொடங்கினர். பின்னர் சிலர் சிறுகச் சிறுகச் சேமித்துச் சொந்தக் கடை வைத்தனர். பாரிஸ் நகரின் லா ஷப்பேல் பகுதிக்குப் போனவர்கள் அங்கே வரிசையாக நிற்கும் தமிழ்க் கடைகளைக் கண்டிருப்பர். அப்படி முன்னேறிய மகன் ஒருவன், "ஒரு சிறு பார் விலைக்கு வருகிறது, கொஞ்சம் பணம் குறைகிறது, தோட்டக்காணியை ஈடு வைத்துத் தருவீர்களா?" என்று கேட்டால் தகப்பன் என்ன செய்வார்? "செய்யலாமா சுவாமி?" என்று பங்குக்குருவிடம் கேட்பார்.

இதற்கு இரண்டு விடைகள் விரைவாகக் கிடைக்கும். ஒன்று, "மது பாவம், தொடவே வேண்டாம்" என்பது. மற்றது, "சட்டம் இடந்தருகிறது, வெள்ளைக்காரர் தம் பணத்தில் குடிக்கிறார்கள், நமக்கென்ன?" என்பது. இரண்டும் சிந்தித்துச் சொன்ன விடைகள் அல்ல.

முதல் விடையைப் பார்ப்போம். நம் ஆண்டவர் கானாவூர்க் கலியாணத்தில் ஆறு கற்சாடித் தண்ணீரை இரசமாக்கினார். பலிபீடத்தில் அவர் நமக்கு விட்டுச் சென்ற அடையாளங்களுள் ஒன்று திராட்சை இரசம். பெல்ஜியத்தின் வெஸ்ட்மல், ஷிமே மடங்களின் துறவிகள் பியர் வடிப்பதில் உலகப் புகழ் பெற்றவர்கள். 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் உணவு, மது, புகையிலை, மருந்து ஆகியவற்றில் அளவு மீறுவதையே கண்டிக்கிறது. எனவே மதுவை விற்பது தன்னிலே பாவம் என்று நாம் சொல்ல முடியாது.

மேலும், பிரான்சின் சிற்றூர்ப் பார் நம்மூர்த் தவறணையைப் போன்றதன்று. காலையில் கோப்பி குடித்துப் பத்திரிகை பார்ப்பவரும், மனைவியை இழந்த முதியவரும், வேலை முடிந்து அரை மணி நேரம் பேசியிருக்க வருபவரும் அங்கே கூடுவர். 1960ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் இத்தகைய கடைகள் ஏறக்குறைய இரண்டு இலட்சம் இருந்தன. இன்று நாற்பதாயிரத்துக்கும் குறைவு என்று கணக்கிடுகின்றனர். கடைசிக் கடையும் மூடப்பட்ட ஊரில் மனிதர் ஒருவரையொருவர் காணும் இடமே இல்லாமற் போகிறது. அங்கே ஓர் அந்நியன் வந்து கதவைத் திறந்து வைப்பது நல்ல தொண்டாகவும் அமையலாம்.

இனி இரண்டாவது விடை. "சட்டம் இடந்தருகிறது" என்போர் அந்தச் சட்டத்தையே முழுமையாகப் படிப்பதில்லை. சாராய வகைகளையும் விற்க இடந்தரும் நாலாந்தர அனுமதிப்பத்திரம் அங்கே பொதுவாகப் புதிதாக வழங்கப்படுவதில்லை. வைத்திருப்பவரிடமிருந்தே அதை வாங்க வேண்டும். புதிதாக இத்தொழிலுக்கு வருபவர் இருபது மணி நேரப் பயிற்சி பெறவேண்டும். அந்தச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். திறப்பதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன்னரே நகரசபைக்கு அறிவிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு மது விற்கலாகாது. வெறி ஏறியவர் என்று வெளிப்படையாகத் தெரிபவருக்கு ஊற்றிக் கொடுத்தாலும் தண்டம். கடையில் மதுவற்ற பானங்கள் பத்தாவது கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருக்க வேண்டும். குடிப்பழக்கம் மிகுந்த நாடே இத்தனை வேலிகளைப் போட்டிருக்கிறது என்றால், இத்தொழில் எத்தகைய ஆபத்தை அண்டி நிற்கிறது என்பதை அந்நாடே ஒப்புக்கொள்கிறது என்பதுதானே பொருள்?

ஆனால் சட்டத்துக்கும் அப்பால் ஒரு விடயம் உண்டு. அங்கே பார் வாங்கும் நம்மவர் பெரும்பாலும் கட்டடத்தை வாங்குவதில்லை. கட்டடம் வேறொருவருடையது, வழக்கமாக ஒன்பது ஆண்டுக் குத்தகை. அவர் வாங்குவது 'ஃபோன் டு கொமர்ஸ்' எனப்படும் வியாபார உரிமையை. அதில் மேசை, கதிரை, பெயர்ப்பலகை எல்லாம் அடங்கும். எனினும் அதன் உயிர்நாடி வாடிக்கையாளரே என்று அந்நாட்டுச் சட்டம் கொள்கிறது. விலையையும் பெரும்பாலும் ஆண்டு விற்பனையை வைத்தே மதிப்பிடுவர். ஆழ்ந்து பாருங்கள்: ஒவ்வொரு மாலையும் தவறாமல் வந்து மூன்றாவது, நான்காவது கிண்ணம் கேட்கும் அந்த மனிதனும் விலைக்குள் அடக்கம். அவனுடைய பழக்கத்துக்கும் சேர்த்தே பணம் கொடுத்திருக்கிறோம். அப்படியிருக்க, "அவன் குடித்தால் எனக்கென்ன?" என்று சொல்ல நமக்கு வாயேது?

யாத்திராகமத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றிய சட்டம் ஒன்று உண்டு. மாடு முன்பின் முட்டாதது என்றால் உரிமையாளன் குற்றமற்றவன். அது முட்டும் பழக்கமுள்ளது என்று முன்னமே எச்சரிக்கப்பட்டும் கட்டி வைக்கவில்லை என்றால், அவனே பழிகாரன். அறிந்திருப்பதே பொறுப்பைச் சுமத்துகிறது. பிறர் பாவத்துக்கு உடந்தையாதல் பற்றித் திருச்சபையின் ஒழுக்கவியலும் இவ்வழியே பேசுகிறது. களைப்பாற வந்தவனுக்கு ஊற்றுபவன் பாவம் செய்வதில்லை. அவன் வெறிக்க வேண்டும், தன் பெட்டி நிறைய வேண்டும் என்று விரும்பி ஊற்றுபவன் அப்பாவத்தில் பங்காளியாகிறான். விரும்பாவிடினும் விளைவை அறிந்துகொண்டு ஊற்றுபவனுக்குப் பாரதூரமான காரணம் வேண்டும். இன்னும் ஒரு கிண்ணத்தின் இலாபம் அத்தகைய காரணமாகாது.

அந்நியனுக்கு இங்கே ஒரு தனிச் சோதனை உண்டு. நம்மூரில் கள் விற்பவனுக்குக் குடிப்பவனின் வீடு தெரியும். அவனுடைய மனைவியை ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நேருக்கு நேர் காண்பான். ஊரின் கண்கள் அவனுக்குக் கடிவாளம். பிறநாட்டிலோ வாடிக்கையாளனின் பிள்ளைகளை அவன் அறியான். அவர்கள் அழும் மொழிகூட அவனுக்கு அரைகுறையாகவே விளங்கும். "இது அவர்களுடைய பழக்கம்" என்று மனச்சாட்சியைத் தூங்க வைப்பது அங்கே மிக எளிது. ஊரின் கண்கள் இல்லாத இடத்தில் மனச்சாட்சியே ஊராக நின்று பார்க்க வேண்டும். குடியேறியவர்கள் தம்மை ஏற்றுக்கொண்ட நாட்டை நன்றியோடு மதித்து, அதன் சட்டங்களுக்குப் பணிந்து, அதன் சுமைகளிலும் பங்கெடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்று மேற்சொன்ன மறைக்கல்வி நூலே கூறுகிறது. நமக்குப் புகலிடம் தந்த மக்களின் பலவீனத்தைப் பிடித்து உயர்வது நன்றியாகுமா?

ஆகவே வாங்க எண்ணும் மகன் கணக்குப் புத்தகத்தை இந்தக் கண்ணோடு புரட்டட்டும். வருமானத்தில் கோப்பியும் சாப்பாடும் எவ்வளவு? மதுவில் எவ்வளவு? எந்த நேரத்தில் பணம் சேருகிறது? வெறித்தவனுக்கு "இன்று போதும், வீட்டுக்குப் போங்கள்" என்று சொன்னால் கடை தவணைப் பணத்தைக் கட்டித் தாங்குமா? தாங்கும் என்றால் வாங்கட்டும். மறுத்தால் மூடவேண்டிய கடை என்றால், அதை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம். பிறர் பெயரில் மறைந்து நின்று நடத்தவும் வேண்டாம். உறவுப் பொடியனைச் சம்பளமின்றி நள்ளிரவு வரை நிறுத்தி வைக்கவும் வேண்டாம்.

இங்கிருக்கும் பெற்றோரே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. வீட்டு வேலை நின்றுவிட்டது, தங்கையின் சீதனம் முடியவில்லை, திருவிழாவுக்கு நம் பெயரில் பெரிதாய் ஏதும் செய்யவேண்டும் என்று தொலைபேசியில் நெருக்கும்போது, அந்தக் கடைசிக் கிண்ணத்தை ஊற்றும்படி அவன் கையைத் தள்ளுவது நீங்களாகவும் இருக்கலாம். காணிக்கையை வாங்கும் பங்குகளாகிய நாங்களும் தொகையை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடலாகாது. "எவ்வளவு வருகிறது?" என்று கேட்கும் வாயால், "எப்படி வருகிறது, மகனே?" என்றும் கேட்போம்.

நல்ல சமாரியன் உவமையில் நாம் அதிகம் கவனியாத ஒருவர் உண்டு. அவர் சத்திரக்காரர். காயப்பட்ட மனிதனை அவரிடம் ஒப்படைத்து, சமாரியன் இரண்டு வெள்ளிக் காசு கொடுத்தான். அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்களித்தான். அந்தச் சமாரியன் கிறிஸ்துவே என்று திருச்சபைப் பிதாக்கள் விளக்கினர். கதவைத் திறந்து உள்ளே வரும் ஒவ்வொருவரும் அப்படி ஒப்படைக்கப்பட்டவரே. அவர் பொருட்டு நட்டப்பட்ட கிண்ணங்களின் கணக்கை, திரும்பி வருபவர் தீர்த்து வைப்பார்.