வைராக்கியமா, மனச்சோர்வா?

 

எங்க பெரம்பலூர், அரியலூர் பக்கம் சஷ்டி, கிருத்திகை விரதம் இருக்கிற இளைஞர்கள் இப்போ நிறைய. செட்டிகுளம் மலையில கரும்பு ஏந்தி நிற்கிற தண்டாயுதபாணியைப் பார்க்க வர்ற கூட்டத்துல பாதிப்பேர் சின்னப் பசங்கதான். சந்தோஷமான விஷயம். ஆனா ஒரு கேள்வி ரொம்ப நாளா மனசுல கிடக்கு. ஒருத்தன் சாப்பாட்டைக் குறைச்சுட்டான், நண்பர்களை விட்டு விலகிட்டான், "எதுலயும் ஆசை இல்ல"ங்கிறான். இது வைராக்கியமா, மனச்சோர்வா? வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எங்க கிருத்திகைக் குழுவுல ஒரு தம்பிக்கு இப்படித்தான் ஆச்சு. "பையன் பக்குவமாயிட்டான்"னு ஊரே பாராட்டுச்சு. அவன் அம்மா மட்டும் ஒத்துக்கல. "முருகனுக்காகச் சோத்தை விடுறவன் முருகன் பேரைக் கேட்டா முகம் மலரணும்ல? இவன் சுவத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கானே" என்றார். நான் கேட்ட விளக்கங்களிலேயே தெளிவானது அதுதான்.

வைராக்கியத்தில் மனுஷன் தானா ஒன்றை விடுகிறான். விட்ட பிறகு லேசாகிறான். மனச்சோர்வு அவனைக் கேட்காமலேயே எல்லாத்தையும் பிடுங்கிக்கொள்ளும். பிடிச்ச பாட்டு, கிரிக்கெட், கடைசியில கோயிலும் போய்விடும். சன்னதியில நின்னாலும் ஒண்ணும் தோணாது. "எனக்குப் பக்தியே இல்ல, நான் பாவி"ன்னு அதுக்கும் தன்னையே திட்டிக்குவான். சோகமோ, எதிலும் பிடிப்பில்லாத நிலையோ ரெண்டு வாரத்துக்கு மேல, பெரும்பாலும் நாள் முழுக்க இருந்தா, அதைச் சாதாரண வருத்தம்னு விடக்கூடாது. கூடவே தூக்கம், பசி மாறும். படிச்சது மண்டையில ஏறாது. காரணமில்லாம உடம்பு அசதி, தலைவலி வரும். இளைஞர்களிடம் அழுகையை விட எரிச்சலாகத்தான் பல நேரம் தெரியும். விடியக்காலை மூணு மணிக்கு முழிப்பு வந்து திரும்பத் தூக்கம் வராம கிடக்கிறதும் ஒரு அறிகுறி. நாம அதைப் பிரம்ம முகூர்த்தம்னு வாழ்த்திக்கிட்டு இருப்போம்!

"உண்மையான பக்தனுக்கு இதெல்லாம் வருமா?"ன்னு கேட்கிறவங்க அருணகிரிநாதர் வரலாற்றை நினைச்சுப் பாருங்க. தன் மேலேயே வெறுப்பு வந்து, உயிரே வேண்டாம்னு திருவண்ணாமலைக் கோபுரத்துல ஏறியவரை முருகன் தாங்கிப் பிடிச்சார் என்பதுதான் நாம வழிவழியா சொல்ற கதை. அந்த நிலையை முருகன் துறவுன்னு மெச்சல. "ஏன் இப்படி ஆனே?"ன்னு விசாரணையும் வைக்கல. முதல்ல பிடிச்சார். பாடச் சொன்னது அப்புறம்தான். நாமளோ முதல்ல விசாரிக்கிறோம். "உனக்கென்ன குறை? சஷ்டி கவசம் படி, சரியாயிடும்"னு அனுப்பிவிடுகிறோம். கவசம் படிக்கிறது நல்லதுதான், நானும் படிக்கிறேன். ஆனா மக்காச்சோளக் கொல்லையில பாம்பு கடிச்சவனுக்கு விபூதி மட்டும் பூசிட்டு வீட்டிலேயே வச்சிருப்போமா?

இந்த இடத்துல அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை நினைக்காம இருக்க முடியல. பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தும் நீட்டால் மருத்துவம் கிடைக்காமல், 2017 செப்டம்பர் 1 அன்று நம்மை விட்டுப் போன பெண். அவருக்கு இருந்தது நோய்னு சொல்ல நமக்குத் தகுதியில்லை. அவர் கேட்ட நியாயத்தை நோய்னு சுருக்கவும் கூடாது. அடி வெளியிலிருந்து விழுந்தாலும் வலி உள்ளேதான் இருக்கும். நியாயம் கிடைக்கும்வரை அந்தப் பிள்ளைகளோட யார் உட்கார்ந்திருப்பது என்பது நம்ம கேள்வி. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு இன்று அனிதா பெயர். அந்த வழியா போறப்பெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான்.

அந்தத் தம்பியை அவன் அம்மா அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். இந்த மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும். கொஞ்சம் தேறியதும் நாமளா நிறுத்தக் கூடாது. மாத்திரை போடுறது முருகன் மேல நம்பிக்கைக் குறைவுன்னு சொல்ற உறவுக்காரங்களுக்கு அந்த அம்மா பதிலே சொல்றதில்லை. அதுவும் சரிதான்.

உங்க குழுவுல யாராவது திடீர்னு அமைதியாயிட்டா, தனியா கூப்பிட்டுப் பேசுங்க. "உயிரே வேண்டாம்னு தோணுதா?"ன்னு நேராவே கேட்கலாம், கேட்கிறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, வீட்டுப் பெரியவங்களுக்குச் சொல்லுங்க. டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104லும் ஆலோசனை கிடைக்கும். அவன் பேச மறுத்தா, என்ன செய்யலாம்னு நீங்களே கூப்பிட்டுக் கேட்கலாம்.